மஸ்கித் தடியும் விரால் குளமும்: வாசகர் கேள்வி – பதில்

வன்னியில் இன்று கனடாவில் ஒருவரேனும் இல்லாத வீடு குறைவு. அதனாலோ என்னவோ, தூண்டில் மீன்பிடி பற்றி இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை அந்நாட்டு ஏரிகளில் வாழும் மஸ்கி என்ற மீனையும், அதற்கென விற்கப்படும் தடிகளையும் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவுக்குப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வரும் செப்டெம்பரில் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போகிறேன். மருமகன் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி பிடிப்பவர். எனக்கும் ஒரு தடி வாங்கித் தருவதாகவும், எதை வாங்குவது என்று நானே பார்த்துச் சொல்லலாம் என்றும் எழுதியிருக்கிறார். சிறு வயதிலிருந்து தண்ணிமுறிப்பிலும் முத்தையன்கட்டிலும் தூண்டில் போட்டவன் என்றாலும் இந்தத் தடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மீன் இருபது, முப்பது இறாத்தல் வருமாம். அதைத் தாங்கும் தடி எது? (முள்ளியவளை வாசகர்)

பதில்: ஐயா, மீனின் நிறையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மருமகன் எறியும் இரையின் நிறை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். முப்பது இறாத்தல் மீனைத் தடி தூக்குவதில்லை. நீருக்குள் அதைக் களைக்கச் செய்பவை நூலைச் சுற்றி வைக்கும் றீலின் இழுவைத் தடையும் நூலும் உங்கள் பொறுமையும். கடைசியில் அதை ஏந்துவது வலை. தடி காலை முதல் மாலை வரை செய்யும் வேலை இரையை எறிவதுதான். பத்தாயிரம் தடவை எறிந்தால் ஒரு மஸ்கி என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர் சொல்வதுண்டு. அதில் மிகை இருக்கலாம். ஆனால் மீனோடு போராடும் சில நிமிடங்களுக்காக அல்லாமல், மீன் இல்லாமற் கழியும் பல மணி நேரத்துக்காகவே தடியைத் தெரிய வேண்டும் என்பதை அது சரியாகச் சொல்லிவிடுகிறது.

மஸ்கிக்கு எறியும் செயற்கை இரைகள் நம் கையில் பழகியவற்றைவிடப் பல மடங்கு கனமானவை. சாதாரணமாக அவை 2 அவுன்சிலிருந்து 8 அவுன்சு வரை, அதாவது ஏறத்தாழ 57 கிராமிலிருந்து 227 கிராம் வரை இருக்கும். பெரிய றப்பர் மீன்கள் அதையும் தாண்டும். கைப்பிடிக்குச் சற்று மேலே, தடியின் உடலில், சிறிய எழுத்தில் மூன்று விடயங்கள் அச்சிடப்பட்டிருக்கும்: தடியின் நீளம், தாங்கக்கூடிய நூலின் வலு, எறியக்கூடிய இரையின் நிறை. கடைக்காரர் விலையையும் பளபளப்பையும் காட்டும்போது நீங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்றாவது எண்ணை வாசியுங்கள். ஒரே ஒரு தடிதான் வாங்குவதென்றால், 3 முதல் 8 அவுன்சு வரை என்றோ, அதற்கு அண்மையாகவோ எழுதப்பட்ட தடி பெரும்பாலான இரைகளுக்குப் போதும். ஒரு இறாத்தல் றப்பர் மீனை எறிய வேண்டும் என்று மருமகன் ஆசைப்பட்டால் அதற்கு அவர் தனித் தடி வைத்திருக்கட்டும்; அறுபது வயதைக் கடந்த தோள்மூட்டு அந்த வேலைக்கு உகந்ததன்று.

அடுத்தது நீளம். முன்னர் ஆறு, ஏழடித் தடிகளே மஸ்கிக்குப் பயன்பட்டன. இப்போது எட்டரை, ஒன்பது அடித் தடிகள் வழக்கமாகிவிட்டன. தூர எறியலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் படகின் ஓரத்தில் இருக்கிறது. மஸ்கி இரையைக் கண்டவுடன் கவ்வாமல், அதன் பின்னாலேயே படகுவரை வந்து, ஓர் அடி இரண்டு அடித் தூரத்தில் நின்று பார்க்கும் குணமுள்ள மீன். எனவே இரையை இழுத்து முடித்தவுடன் தூக்கிவிடாமல், நுனியில் ஒரு முழ நூலை விட்டு, தடியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, 8 என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதுவதுபோல இரையைச் சுற்றி இழுப்பார்கள். பின்னால் வந்த மீன் அந்தச் சுற்றிலேதான் பல வேளைகளிற் பாய்ந்து கவ்வுகிறது. நான்கு அடி நீளமான மீன் குறுகிய வளைவில் திரும்ப முடியாது. வளைவு அகலமாக இருக்க வேண்டும். குட்டைத் தடி வைத்திருப்பவர் படகின் விளிம்பில் குனிந்து, முதுகை வளைத்து அதைச் செய்ய வேண்டும். ஒன்பதடித் தடி வைத்திருப்பவர் நிமிர்ந்து நின்றபடியே செய்வார். உங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். எட்டரை அடிக்குக் குறையாமல் வாங்குங்கள். நீங்கள் உயரம் குறைந்தவராயின் ஒன்பதடிக்கு மேற் போக வேண்டாம்.

வலுவும் வளைவும் வேறு வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கடைக்காரரே சில வேளை இரண்டையும் குழப்புவார். ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்று எழுதியிருப்பது வலு: தடியை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. பாஸ்ட், மொடரேட் என்று எழுதியிருப்பது வளைவு: அந்தப் பாரம் ஏறும்போது தடி எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. பாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும். மொடரேட் என்றால் நடுவரை வளையும். மஸ்கியின் வாய் எலும்பும் பல்லும் நிறைந்தது. அதில் பெரிய மும்முனை முள்ளைப் பதிக்க அடித்தடி விறைப்பாக இருக்க வேண்டும். அதே வேளை, பின்னல் நூல் சற்றும் நீளாதது. தடியும் முழுக்க விறைத்து நின்றால் மீன் தலையை உதறும்போது முள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஹெவி வலுவும், நுனி சற்று இளகிய பாஸ்ட் அல்லது மொடரேட் பாஸ்ட் வளைவும் உள்ள தடி இந்த இரண்டுக்கும் இடையே நிற்கும். கவார்த்தா ஏரிகளில் மீன் எண்ணிக்கை அதிகம், ஆனால் செயின்ட் லோறன்ஸ் ஆற்றிலும் ஜோர்ஜியன் குடாவிலும் உள்ளவை போல் மிகப் பெரியவை அல்ல. நீரும் பல இடங்களில் ஆழம் குறைந்து பாசி மண்டியது. அங்கே எக்ஸ்ட்ரா ஹெவி உங்களுக்குத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

கைப்பிடியைக் கவனியுங்கள். இவ்வளவு கனமான இரையை ஒரு கையால் எறிய முடியாது. ஒரு கை றீலையும், மறு கை தடியின் அடிமுனையையும் பிடித்து, இரு கையாலும் எறிய வேண்டும். ஆகவே றீல் பொருத்தும் இடத்திலிருந்து அடிமுனைவரை உள்ள நீளம் உங்கள் முன்கையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். முழங்கையோடு நின்றுவிட்டால் அடிமுனை விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். கடையில் வெறும் தடியைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மருமகனின் றீலைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்தி, தடியை மீன்பிடிக்கும் நிலையில் சில நிமிடம் பிடித்திருங்கள். நுனி தன்பாட்டில் கீழே சாய்ந்து மணிக்கட்டை இழுத்தால் அந்தத் தடி நாள் முழுவதும் உங்களை இழுக்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

நூல் 80 இறாத்தல் பின்னல் நூல் என்று மருமகன் சொல்வார், வியக்காதீர்கள். அந்த எண்ணுக்கும் மீனின் நிறைக்கும் தொடர்பில்லை. எறியும்போது றீலில் நூல் சிக்கி ஒரு கணம் நின்றுவிட்டால், கால் கிலோ இரை பறக்கும் வேகத்தில் மெல்லிய நூல் துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு அறுந்து, விலையுயர்ந்த இரை ஏரிக்குப் போய்விடும். நூலுக்கும் இரைக்கும் நடுவே கட்டும் தடித்த லீடர் (புளோரோகாபன் என்ற கடினமான இழை அல்லது உலோகக் கம்பி) மட்டுமே மீனின் பல்லுக்காக.

செப்டெம்பர், ஒக்டோபரில் போகிறீர்கள். காலையில் கை விறைக்கும். கையுறையோடு பிடித்துப் பார்த்தே கைப்பிடியைத் தெரியுங்கள். கவார்த்தாவில் மஸ்கிப் பருவம் ஜூன் முதற் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் 15 வரை என்பதால் காலத்தில் உங்களுக்குத் தடையில்லை. ஆனால் ஒன்ராறியோவில் 65 வயதைக் கடந்தவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வசிப்போருக்கு மட்டுமே. விருந்தாளியாகச் செல்லும் நீங்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. குறைந்த கட்டணமுள்ள பாதுகாப்பு வகைப் பத்திரத்தில் ஒரு மஸ்கியைக்கூட வைத்துக்கொள்ள இடமில்லை. பிடித்ததை விட்டுவிட வேண்டும். மற்றையதில் ஒன்றுக்கு இடமுண்டு, அதுவும் அந்தந்த நீர்நிலைக்கு விதித்த நீளத்தைத் தாண்டியிருந்தால் மட்டும். அங்கே மஸ்கி பிடிப்போர் ஏறக்குறைய எல்லோரும் மீனை விட்டுவிடுகிறார்கள். ஆகவே தடியில் மிச்சம் பிடிக்கும் பணத்தை, முடிச்சில்லாத றப்பர் பூசிய பெரிய வலைக்கும், நீண்ட குறட்டுக்கும், முள்ளையே வெட்டியெடுக்கக்கூடிய கம்பிவெட்டிக்கும் செலவிடச் சொல்லுங்கள். குழம்பு வைக்க மீன் வேண்டுமென்றால் மகளைச் சந்தைக்கு அனுப்புவதே வழி.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். தன்னுடைய மஸ்கித் தடியையும் றீலையும் எனக்குத் தருவதாகச் சொல்கிறார். அதைக்கொண்டு முத்தையன்கட்டில் விரால் பிடிக்கலாமா? பெரிய மீனுக்குரிய தடி சிறிய மீனுக்கு எப்படியும் காணும்தானே? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: தம்பி, காணாது. காரணம் முதற் பதிலிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் குளத்தை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும்.

விராலுக்கு எறியும் றப்பர்த் தவளை 10 கிராமிலிருந்து 20 கிராம்வரைதான் இருக்கும். எறியும்போது இரையின் பாரத்தால் தடி பின்னால் வளைந்து, பிறகு நிமிர்கிற வேகத்தில்தான் இரை பறக்கிறது. 85 கிராமுக்குக் குறையாத இரைக்காகச் செய்த தடிக்கு 15 கிராம் தவளை கட்டியிருப்பதே தெரியாது. மண்வெட்டியால் உப்புத் தூவுகிற வேலைதான். தடி வளையாது, தவளை காலடிக்குச் சற்று அப்பால் விழும், றீல் மட்டும் தன்பாட்டிற் சுழன்று நூலைக் குருவிக்கூடாக்கிவிடும். பெரிய உருளை றீல்கள் இப்படிக் குறைந்த பாரத்தில் சுழலத் தொடங்கவே தயங்குபவை. மாலை நேரத்தில் நுளம்புக்கடியோடு குளக்கட்டில் உட்கார்ந்து சிக்கெடுப்பது எவ்வளவு இனிமையானது என்பதை அறிய விரும்பினால் முயன்று பாருங்கள்.

எப்படியோ எறிந்து, விராலும் கவ்விவிட்டது என்று வைப்போம். இரண்டு மூன்று கிலோ விராலே நம் குளங்களிற் பெரிய விரால். அதன் முன் அசையாத இந்தத் தடி முழு விசையையும் தவளையின் மெல்லிய இரட்டை முள்ளில் இறக்கும். முள் நிமிர்ந்து திறந்துவிடும். மஸ்கி இரையில் இருக்கும் பருத்த முள்ளுக்கு அந்த விசை வேண்டும், இதற்கு வேண்டாம்.

இடமும் ஒத்துவராது. முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் விரால் கிடப்பது நடுக்குளத்திலன்று. அலைகரை ஓரத்தில், ஒல்லியும் தாமரையும் புல்லும் மூடிய ஓர் அடி, இரண்டடித் தண்ணீரில். அங்கே நீங்கள் தேடுவது தூரம் அல்ல, இரண்டு இலைகளுக்கு இடையே ஒரு சாண் அகலமுள்ள இடைவெளியில் தவளையை மெல்ல இறக்குகிற துல்லியம். தலைக்கு மேலே மருதமரக் கிளை. ஒன்பதடித் தடியைப் பின்னால் வீச இடமில்லை. ஆறரை அடியிலிருந்து ஏழடி வரை நீளமும், மீடியம் ஹெவி வலுவும், பாஸ்ட் வளைவும், கால் அவுன்சிலிருந்து ஓர் அவுன்சுவரை, அதாவது 7 முதல் 28 கிராம் வரை எறியலாம் என்ற குறிப்பும் உள்ள தடிதான் உங்களுக்கு வேண்டியது. நூல் மட்டும் மெலியாததாக, 30 முதல் 50 இறாத்தல் பின்னல் நூலாக இருக்கட்டும். விரால் கவ்வியவுடன் கொடிக்குள் தலையைச் செருகிவிடும். நூல் அந்தக் கொடியை அறுத்துக்கொண்டு வர வேண்டும். தங்கூசி நூல் இந்த வேலைக்கு நீண்டு கொடுத்துவிடும்.

அண்ணன் ஏற்கெனவே மனம் வைத்துவிட்டார் என்றால், அந்தத் தடியை வேண்டாம் என்று சொல்லிப் புண்படுத்தாமல், அங்கே பாஸ் என்ற மீனுக்கு விற்கும் ஏழடித் தடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது நம் விராலுக்கு அளவெடுத்துச் செய்தது போலவே இருக்கும். விலையும் மஸ்கித் தடியைவிடக் குறைவு. பிரயாணத்துக்கென மூன்று, நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய தடிகளும் கிடைக்கின்றன. மஸ்கித் தடிகளிற் பல ஒரே துண்டு. ஒன்பதடி என்பது 2.7 மீற்றருக்கு மேல். விமானத்தில் ஏற்றினாலும் முல்லைத்தீவு பஸ்ஸில் அதை எங்கே வைப்பது? தடியின் அடிப்பகுதியைக் கைப்பிடிக்குள் தள்ளிச் சுருக்கும் வகையும் உண்டு. அது படகின் பெட்டிக்குள் அடக்குவதற்காகச் செய்தது, ஓர் அடி, ஒன்றரை அடிதான் குறையும்.

தடியோடு சம்பந்தப்பட்ட இரண்டு எச்சரிக்கைகள். இந்தத் தடிகள் காபன் இழையால் ஆனவை; காபன் மின்சாரத்தைக் கடத்தும். வயலோரம் தாழ்ந்து செல்லும் மின்கம்பிகளுக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழை தொடங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இரண்டாவது, சிக்கிய தவளையை எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்காதீர்கள். முதலை இருக்கும் குளங்கள் இவை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஆனால் ஆசை வந்தால் மறந்துபோகிறது.

மாரி மழைக்குப் பின் அலைகரையில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து மூச்செடுப்பதைக் கண்டால் அந்த இடத்தில் எறிய வேண்டாம். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதை எறிந்தாலும் கோபத்தில் கவ்வும், பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுத் திரளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்று முடித்துவிடும். குளத்தை நம்பி வலை போட்டு வாழும் நன்னீர் மீனவர் சங்கத்தாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவதும் முறை.

கேள்வி: மஸ்கி என்பது விராலின் இனமா? படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நீளமாக இருக்கின்றனவே. (மாணவி, கிளிநொச்சி)

பதில்: இல்லை, மகள். மஸ்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மஸ்கலஞ், பைக் எனப்படும் குடும்பத்தின் மிகப் பெரிய மீன். வட அமெரிக்காவின் பேரேரிகள், செயின்ட் லோறன்ஸ் ஆறு, மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதி போன்ற குளிர்ந்த நன்னீரில் மட்டும் இயற்கையாக வாழ்வது. விரால் ஆசியாவின் வெந்நிலத்து மீன், வேறு குடும்பம். இரண்டும் பாசிக்குள் மறைந்திருந்து பாய்ந்து இரை பிடிப்பதால் உடல் நீண்டு ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், சேற்றிலும் தாக்குப்பிடிக்கும், குஞ்சைக் காக்கும். மஸ்கி முட்டையிட்டபின் திரும்பிப் பார்ப்பதில்லை, நீர் 27 பாகை செல்சியசை நெருங்கினாலே களைத்துவிடும். நம் இரணைமடுவின் வைகாசி மாத வெப்பம் அதற்கு ஆகாது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1949இல் பிடிக்கப்பட்ட 67 இறாத்தல் 8 அவுன்சு நிறையுள்ள மஸ்கியே தூண்டில் மீன்பிடிக்கான சர்வதேசச் சங்கத்தின் பதிவேட்டில் இன்றும் உலகச் சாதனையாக இருக்கிறது. அது முப்பது கிலோவுக்குச் சற்று மேல்.

கேள்வி: குளத்துக்கு உதவாவிட்டாலும், அந்தத் தடியை நாயாற்று முகத்துவாரத்தில் கொடுவாய்க்கும், கடலில் பாரைக்கும் பயன்படுத்தலாம் அல்லவா? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: இது நியாயமான கேள்வி. பாதிக்குப் பாதி ஆம் என்று சொல்லலாம். கொடுவாய்க்குப் பெரும்பாலும் 15 முதல் 60 கிராம் வரையான இரைகளே எறியப்படுகின்றன. மஸ்கித் தடிகளில் மெலிந்தது, 1 முதல் 4 அவுன்சு என்று எழுதியது, கையில் இருந்தால் அந்த வரம்பின் மேற்பாதிக்குப் பொருந்தும். கனத்த தடி பொருந்தாது. கரையில் நின்று அலைக்கு அப்பால் எறிய நினைத்தால் பத்தடிக்குக் குறைந்த எதுவும் போதாமற் போகும்.

பெரிய பாரைக்குப் படகிலிருந்து எறியும் மிதவை இரைகள் நூறு கிராமைத் தாண்டுபவை. அவற்றை மஸ்கித் தடி நன்றாகவே எறியும். சிக்கல் மீன் கவ்விய பிறகு. மஸ்கியின் போராட்டம் பெரும்பாலும் மேல்நீரில், குறுகிய நேரத்தில் முடிந்துவிடுவது. பாரை அப்படியன்று, கற்பாறை நோக்கி நேரே கீழே பாயும், அதை நெடுநேரம் மேல்நோக்கி இழுத்தபடி நிற்க வேண்டும். நுனி மட்டும் வளையும்படி செய்த தடியை அப்போது செங்குத்தாக நிமிர்த்தினால் முழுப் பாரமும் நுனியின் ஒரு முழத்தில் ஏறி, தடி முறியும். முறிந்த தடிகளிற் பல மீனால் முறிந்தவை அல்ல, பிடித்த கோணத்தால் முறிந்தவை. எனவே பயன்படுத்துவதாயின் தடியை நீர்மட்டத்துக்கும் செங்குத்துக்கும் நடுவே உள்ள சாய்வுக்கு மேல் உயர்த்தாமல், அடித்தடியின் வலுவால் இழுங்கள். மீனைத் தடியால் படகுக்குள் தூக்காதீர்கள். உப்புநீருக்கென்று செய்யாத றீலின் உள்ளுறுப்புகள் விரைவில் துருவேறும். ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

இன்னொன்று: சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடம் போன்ற இடங்களில் தடியோடு இறங்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாவித்த மஸ்கித் தடி ஒன்றை ரொறன்ரோவில் உள்ள நண்பர் மலிவாக வாங்கித் தருகிறார். எதைப் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும்? (மாங்குளம் வாசகர்)

பதில்: காது துடைக்கும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். தடியில் நூல் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதை விட்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வளையத்தின் உள்ளே பதித்திருக்கும் பீங்கானில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் பஞ்சின் ஒரு நார் அதிற் பிடித்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு அந்த வெடிப்புத் தெரியாது. அத்தகைய வளையம் பின்னல் நூலைச் சீவிச் சீவி, ஒரு நாள் நல்ல மீனின்போது அறுக்கும். நுனி வளையத்தைத்தான் முதலிற் பார்க்க வேண்டும், ஏனெனில் படகில் இடிபடுவது அதுதான்.

பிறகு தடியின் உடலை மெல்லிய துணியால் அழுத்தி, அடியிலிருந்து நுனிவரை உருவிப் பார்க்க வேண்டும். காபன் தடியில் ஆழமான கீறலோ, சிறு பள்ளமோ இருந்தால் வாங்க வேண்டாம். கனமான இரை வீசும்போது தடியிற் பட்ட இடம் அது; நாளைக்கு அங்கேதான் முறியும். கண்ணாடியிழைத் தடியாயின் சிறு கீறலைப் பொறுக்கலாம். அது காபனைவிடக் கனம், கைக்குச் சோர்வு தரும், ஆனால் அடிபட்டால் தாங்கும். படகை ஓட்டியபடியே இரையை இழுத்துச் செல்வதற்குக் கண்ணாடியிழை கலந்த தடியே நல்லது. கையால் எறிவதற்குக் காபன்.

றீலைப் பொருத்தும் இடத்தில் திருகினால் ஆட்டம் இருக்கிறதா என்பதையும், இரண்டு துண்டுத் தடியாயின் பொருத்து முழுமையாக இறங்கி நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடித் தக்கை உதிர்ந்திருப்பது குற்றமல்ல. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

கேள்வி: தடியைத் தகரக் கூரை வீட்டில் எப்படி வைப்பது? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: சுவரில் சாய்த்து வைக்காமல், இரண்டு மூன்று ஆணியிற் கிடையாகப் படுக்க வையுங்கள், மாதக்கணக்கிற் சாய்ந்து நின்றால் தடி கோணும். தகரத்துக்கு நேர் கீழே வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் வளையங்களைப் பிடித்திருக்கும் பசை இளகும். நுனியில் இரையைக் கொளுவி நூலை இறுக்கியபடி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டிற் சிறு பிள்ளைகள் இருந்தால் முள்ளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.